கேமராவா, பயிற்சியா, புது வண்டியா: நிறுவன வண்டிகளின் பாதுகாப்புக்கு எதை முதலில் செய்வது?

பெரிய விபத்து ஒன்று நடந்த மறுவாரம் நிறுவனத்தில் கூட்டம் போடுவார்கள். நான் உட்கார்ந்த கூட்டங்களில் பேச்சு ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போயிருக்கிறது. எல்லா வண்டியிலும் கேமரா மாட்டிவிடலாம் என்பார் ஒருவர். டிரைவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தால் போதும் என்பார் மனிதவளத் துறைக்காரர். விபத்தில்லாமல் ஓட்டுகிறவருக்குப் பரிசுப் பணம் கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும் என்பார் கணக்குப் பார்க்கிறவர். ஷெட் பொறுப்பாளருக்கு ஒரே வரிதான்: "வண்டியே பழசு சார், மாத்துங்க." வாயே திறக்காமல் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டிரிப் ஷீட் எழுதுகிறவர் அவர். அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் யார் மனமும் நோகாமல் நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதாக முடிவாகும். கேமரா பாதி வண்டிக்கு வரும், பயிற்சி ஒரு நாளாகச் சுருங்கும், பரிசு மூன்று மாதம் ஓடி நின்றுபோகும். ஒரு வருடம் கழித்து அதே அறையில் அதே கூட்டம்.

பணமும் ஆளும் அளவாகத்தான் இருக்கும். அதனால் எதைச் செய்வது என்பதைவிட எதை முதலில் செய்வது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க நான் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறேன். டிரைவர் களைத்துப்போய், எரிச்சலில், வேறு நினைப்பில் இருக்கும் அந்த மோசமான அரைமணி நேரத்திலும் இது வேலை செய்யுமா? ஆறு மாதம் கழித்து, ஆரம்ப உற்சாகம் வடிந்த பிறகும் யாராவது இதைச் செய்துகொண்டிருப்பார்களா? விற்பனைக்காரர் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

வேகத்துக்குப் பூட்டு

இருப்பதிலேயே செலவு குறைந்ததும் யாருக்கும் பிடிக்காததும் இதுதான். குறித்த வேகத்துக்கு மேல் வண்டியைப் போகவிடாத கருவியான ஸ்பீடு கவர்னர் என்றாலே டிரைவர் முகம் சுளிப்பார், வியாபாரப் பிரிவும் சுளிக்கும். ஆனால் என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எதற்கும் கிடையாது. டிரைவர் எந்த மனநிலையில் இருந்தாலும் வண்டி அந்த வேகத்தைத் தாண்டாது, அவ்வளவுதான்.

மணிக்கு 90 கிலோமீட்டருக்கும் 80 கிலோமீட்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். லோடு ஏற்றிய லாரி ஒன்று 80-ல் வருகிறது. முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது. டிரைவர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி. அதற்குள் வண்டி 33 மீட்டர் போய்விடும். பிறகு வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 49 மீட்டர். ஆக, சுமார் 83 மீட்டரில் நிற்கும். அதே லாரி, அதே டிரைவர், அதே பிரேக், ஆனால் வேகம் 90 என்றால்? அந்த 83-வது மீட்டரில் வண்டி இன்னும் மணிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது வண்டி மோதுகிறது. பிரேக் அடிக்கும் முன் 10 கிலோமீட்டராக இருந்த வித்தியாசம், மோதும் இடத்தில் 47 ஆக வந்து நிற்கிறது.

இதற்கு ஈடாக மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 100 கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் சொச்சம். அதுவும் சாலை முழுக்கக் காலியாக இருந்து, நூறு கிலோமீட்டரையும் உச்ச வேகத்திலேயே ஓட்டினால்.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் 90-ஐத் தாண்டாதபடியும், பேருந்துகள் 100-ஐத் தாண்டாதபடியும் கருவி பொருத்தியே ஓட வேண்டும். நிறுவனம் விரும்பினால் சட்டம் சொல்வதற்கும் கீழே தன் எல்லையை வைத்துக்கொள்ளலாம். டீசல் மிச்சமாவதால் சிலர் பாதுகாப்பை நினைக்காமலே அதைச் செய்திருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. நெடுஞ்சாலையில் வேலை செய்கிற பூட்டு, 30-ல் போக வேண்டிய பள்ளிக்கூடத் தெருவில் எதுவும் செய்யாது. அங்கே 60-ல் போனாலும் கருவிக்குக் கவலை இல்லை. இன்னொன்று, ஒயரைப் பிடுங்கத் தெரிந்த கை எல்லா ஷெட்டிலும் இருக்கும். இவை சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது: வேகத்தைப் பூட்டிவிட்டு டிரிப் ஷீட்டை மாற்றாமல் விட்டால், இழந்த நேரத்தை டிரைவர் ஓய்விலிருந்து எடுத்துக்கொள்வார். வேறு எங்கிருந்து எடுக்க முடியும்?

டிரிப் ஷீட் என்கிற பாதுகாப்புக் கருவி

கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் ஒருமுறை நான் கேட்டேன். "இந்த ஷீட்ல சொன்ன நேரத்துக்குள்ள, ஒழுங்கா ஓட்டி, முடிக்கவே முடியாத டிரிப் எது?" அவர் யோசிக்கக்கூட இல்லை. காகிதத்தை இழுத்துப்போட்டு மூன்றைச் சுழித்தார். "இதுங்க எப்பவுமே இப்படித்தான் சார். டிரைவருங்களுக்கும் தெரியும். கஸ்டமர்கிட்ட ஒத்துக்கிட்டாச்சு, என்ன பண்ண?" அந்த மூன்று தடத்திலும் வண்டி மாறினாலும் டிரைவர் மாறினாலும் புகார் மாறாமல் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் டிரைவர்களைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

தூக்கம் பற்றிய ஓர் ஆய்வை எல்லா டிரிப் ஷீட்டின் மேலேயும் அச்சடிக்கலாம். 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அது காட்டியது. காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணி. குடித்துவிட்டு வந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்கிற அதே மேலாளர், 17 மணி நேரம் விழித்திருப்பவரிடம் "இன்னும் ஒரு லோடு மட்டும்" என்பார். இரண்டாமவர் வாயிலிருந்து வாடை வருவதில்லை, அதுதான் வித்தியாசம்.

சட்டங்கள் ஒரு குறைந்தபட்சக் கோட்டைப் போடுகின்றன. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. அமெரிக்காவில் சரக்கு வண்டிக்காரர் 14 மணி நேர வேலைக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். ஆனால் சட்டத்தின் கடிகாரமும் உடம்பின் கடிகாரமும் ஒன்றல்ல. பின்னிரவு 2 மணியிலிருந்து விடியும் வரையிலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்திலும் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். மணிக்கணக்கு சரியாக இருந்தும் அந்த நேரத்தில் கண்ணசந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த நேரம் என்பதையும் ஷீட் எழுதுகிறவர் பார்க்க வேண்டும்.

போனும் இதே மேஜையில்தான் தொடங்குகிறது. ஓடுகிற வண்டிக்குப் போன் போட்டு "எங்க இருக்கீங்க?" என்று அதிகம் கேட்பது அலுவலகம்தான். அதைத் தடுக்கக் கருவி வேண்டாம், விதி போதும்: வண்டி நகர்வது திரையில் தெரிந்தால் அழைக்கக் கூடாது. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி அடிக்கும் கனரக வண்டி டிரைவருக்கு மோதலோ மயிரிழைத் தப்பலோ நேரும் அபாயம் 23 மடங்காகத் தெரிந்தது. ஆறு வினாடிகளில் 4.6 வினாடி கண் சாலையில் இல்லை. 80-ல் போகிற வண்டி அதற்குள் 100 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கும்.

டிரிப் ஷீட்டைத் திருத்துவதற்கு ஏன் யாரும் முன்வருவதில்லை என்றால், அதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை, வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். எட்டு மணிக்கு என்று ஒத்துக்கொண்டதை ஒன்பதரை என்று மாற்றிக் கேட்க வேண்டும். கேமரா வாங்குவது அதைவிட எளிது.

கேமரா: யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இப்போது எல்லோரும் ஆசைப்படும் பொருளுக்கு வருவோம். நான் கேமராவுக்கு எதிரி இல்லை. ஆனால் மாட்டினாலே பாதி வேலை முடிந்தது என்கிற நினைப்புக்கு எதிரி.

பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களில், சடன் பிரேக் மாதிரியான நிகழ்வு நடந்தால் மட்டும் பதிவாகும் கேமராவை வைத்து, அந்தக் காட்சியை டிரைவரோடு உட்கார்ந்து பேசுகிற முறையைச் சோதித்தார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி ஆபத்தான நிகழ்வுகள் ஒன்றில் 37 சதவீதமும் மற்றதில் 52 சதவீதமும் குறைந்தன. இதை விற்பனைக்காரர்கள் மறக்காமல் சொல்வார்கள்.

அவர்கள் சொல்லாதது 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு. அதில் ஒரு பிரிவுக்கு, தவறாக ஓட்டினால் வண்டிக்குள் எச்சரிக்கை விளக்கு எரியும், அவ்வளவுதான். இன்னொரு பிரிவுக்கு விளக்கோடு சேர்த்து மேற்பார்வையாளர் காட்சியைக் காட்டிப் பேசினார். பேச்சு நடந்த பிரிவில் ஆபத்தான ஓட்டம் நன்றாகக் குறைந்தது. விளக்கு மட்டும் எரிந்த பிரிவுக்கும், ஒன்றுமே செய்யாத பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கேமரா வேலை செய்வதில்லை, கேமராவைச் சாக்காக வைத்து நடக்கும் உரையாடல்தான் வேலை செய்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே கேமராவுக்கான செலவைக் கணக்கிடும்போது கருவியை எண்ணாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள். 60 வண்டி, வண்டிக்கு வாரம் இரண்டு காட்சி, ஒவ்வொன்றுக்கும் பார்க்கவும் பேசவும் பதினைந்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 30 மணி நேரம். ஒரு முழு ஆள். அந்த ஆளை வைக்க மனம் இல்லையென்றால் கேமராவை வாங்க வேண்டாம். பார்க்கப்படாத பதிவு ஒரு தொல்லையும் கூட. விபத்துக்குப் பிறகு, "இந்த டிரைவர் தூங்கி வழிந்தது மூன்று வாரமாக உங்கள் கணினியில் இருந்திருக்கிறதே, என்ன செய்தீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்.

சாலையைப் பார்க்கும் கேமரா, டிரைவரைப் பார்க்கும் கேமரா இரண்டும் ஒன்றல்ல. முதலாவதை டிரைவர்களே கேட்டு வாங்குவார்கள். எதிரே வந்தவன் தப்பு என்று நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரண்டாவதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கழற்றச் சொன்னால் கழற்றுவார்கள், மறுநாள் கண்ணாடி மறைப்பான் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். எட்டு மணி நேரம் முகத்துக்கு நேரே ஒரு கண் விழித்திருப்பதை யாருக்குத்தான் பிடிக்கும்? வெளிக்கேமராவில் தொடங்கி, நம்பிக்கை வந்த பிறகு உள்கேமராவுக்குப் போவதே நல்லது. அதற்கு முன் நாலு விஷயத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்: எது பதிவாகும், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எதற்கெல்லாம் பயன்படுத்த மாட்டார்கள். கடைசி விஷயத்தை எழுதித் தராத நிறுவனத்தில் ஒட்டுத்தாளுக்குப் பஞ்சம் இருக்காது.

வெறும் ஜிபிஎஸ் கருவி இதற்குத் தம்பி மாதிரி. விலை குறைவு, மனவருத்தமும் குறைவு. வேகம், திடீர் பிரேக், திடீர் முடுக்கம் எல்லாம் எண்ணாகக் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்து டிரைவர்களைத் தரவரிசைப்படுத்தும்போது கவனம் வேண்டும். நெரிசலான ஊருக்குள் நாற்பது இடத்தில் நின்று சரக்கு இறக்குகிறவருக்கும், நேர் சாலையில் ராத்திரி முழுக்க ஓட்டுகிறவருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், முன்னவர் எப்போதும் கடைசியில்தான் இருப்பார். தடத்துக்குத் தடம் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல டிரைவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை

இந்தத் தலைப்புக்கே நேராகப் பதில் சொல்லும் ஆய்வு ஒன்று ஸ்வீடனில் நடந்தது, 1996-ல் வெளியானது. அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் டிரைவர்களைக் குழுவுக்குச் சுமார் 900 பேராகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓட்டுநர் பயிற்சி. ஒரு குழுவுக்குப் பிரசாரம். ஒரு குழுவுக்கு விபத்தில்லாமல் ஓட்டினால் போனஸ். ஒரு குழுவுக்குக் குழு உரையாடல். ஐந்தாவது குழுவுக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். விபத்தைக் குறைத்ததில் முதலிடம் பிடித்தது குழு உரையாடல். வகுப்பெடுக்க யாரும் வரவில்லை. டிரைவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, எங்கே எதனால் சிக்கல் வருகிறது என்று தாங்களே பேசி, இனி என்ன செய்வது என்று தாங்களே முடிவெடுத்தார்கள்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவரிடம் ஒருவர் திரைப்படம் போட்டு "முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுங்கள்" என்றால் அவர் தலையாட்டுவார், மதியம் தூங்குவார். அதே ஆள், கூட வேலை பார்க்கும் ஐந்து பேரோடு உட்கார்ந்து "அந்தக் கிடங்கு வாசல்ல ரிவர்ஸ் எடுக்கும்போது இடதுபக்கம் ஒண்ணுமே தெரியல" என்று ஆரம்பித்தால், அரைமணி நேரத்தில் வாசலில் ஒரு குவிகண்ணாடி வைக்கும் யோசனை வந்துவிடும். அந்த யோசனை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது.

பயிற்சியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒரு வகை உண்டு. வழுக்கும் தரையில் வண்டியைச் சறுக்கவிட்டுத் திரும்பப் பிடிக்கும் பயிற்சி பார்க்கச் சாகசமாக இருக்கும், படம் எடுத்துப் போடவும் அழகாக இருக்கும். நார்வேயில் புது ஓட்டுநர்களுக்கு அப்படிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது இளைஞர்களிடம் விபத்து குறையவில்லை, கூடியது. சறுக்கினால் பிடித்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டால் சறுக்கும் வேகத்துக்கே போய்விடுகிறார்கள். புதிதாகச் சேரும் டிரைவரோடு அனுபவசாலி ஒருவர் முதல் வாரம் கூடவே உட்கார்ந்து போவது சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதில் இந்த ஆபத்து இல்லை. எந்தத் திருப்பத்தில் என்ன இருக்கும் என்பதும் அப்போதுதான் கைமாறும்.

பரிசுப் பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விபத்து இல்லை என்பதற்குப் பரிசு வைத்தால், குறைவது விபத்தா விபத்துச் செய்தியா என்று கண்டுபிடிக்க முடியாது. பம்பர் உரசலை டிரைவரே வெளியில் தட்டி, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். கொடுப்பதென்றால், மயிரிழையில் தப்பியதை வந்து சொல்கிறவருக்குக் கொடுங்கள்.

புது வண்டி எதிரில் பழைய டயர்

வண்டியின் தரம் பெரிய விஷயம்தான். சறுக்கலைத் தானே உணர்ந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு 1995-ல் கார்களில் வந்தது. தனி வண்டியாகத் தடம் புரண்டு நேரும் உயிரிழப்பு விபத்தை அது ஏறக்குறையப் பாதியாக்குகிறது. முன்னால் இருப்பதைக் கண்டு தானே பிரேக் அடிக்கும் வசதி கார்களில் பின்மோதலைச் சுமார் பாதி குறைக்கிறது. கனரக வண்டிகளில் 41 சதவீதம் என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் 2020 ஆய்வு சொன்னது. ஐரோப்பாவில் 2015 நவம்பரிலிருந்து புதிய கனரக வண்டிகளுக்கு இது கட்டாயம். என் முதல் கேள்விக்கு இவை நல்ல பதில்தான்: டிரைவர் கண்ணை எடுத்த நேரத்திலும் வேலை செய்கின்றன.

ஆனால் இதற்காக ஓடுகிற வண்டியை விற்று இன்றே புதிது வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாற்ற வேண்டிய நாள் வரும்போது, கூடுதல் தொகை என்று இந்த வசதிகளைக் கழற்றிவிடாமல் வாங்குங்கள், அது போதும். கழற்றுவது பெரும்பாலும் கொள்முதல் பிரிவின் கடைசி மேஜையில், யாருக்கும் தெரியாமல் நடக்கும்.

ஏனென்றால் தானியங்கிப் பிரேக்கும் தரையைப் பிடிப்பது டயரை வைத்துத்தான். மொட்டை டயருக்கு மேல் எந்தக் கணினியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பராமரிப்பு என்றால் பெரிய பட்டறை வேலை என்று நினைக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், நன்றாக இருந்தும் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டிருக்கலாம். பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரம் சேர்ந்திருக்கும் வண்டியில் உள்டயருக்குக் காற்று பார்க்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். வெளிடயரை எல்லோரும் பார்ப்பார்கள், உள்ளே கைவிட வேண்டுமே என்று அதை விட்டுவிடுவார்கள். காற்று குறைந்த உள்டயர் சூடேறித்தான் ஒரு நாள் நெடுஞ்சாலையில் கிழிந்து பறக்கும். வீல் நட்டில் மாட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் முள் கிட்டத்தட்ட ஓசியில் கிடைக்கிற பொருள். இரண்டு முள்ளும் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருந்தால் சரி, ஒன்று திரும்பியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. பத்தடி தள்ளி நின்றே தெரியும்.

காலைச் சோதனைப் பட்டியல் எல்லா நிறுவனத்திலும் இருக்கிறது. ஒரு மாதத் தாள்களை ஒன்றாக அடுக்கிப் புரட்டிப் பாருங்கள். முப்பது கட்டத்திலும் ஒரே சாய்வில், ஒரே பேனாவில், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் டிக் விழுந்திருந்தால் யாரும் வண்டியைச் சுற்றி வரவில்லை. முப்பது கட்டத்தை எட்டாகக் குறையுங்கள். குறை எழுதியவருக்கு அன்று மாலைக்குள் பதில் கிடைக்கட்டும். "ஹாரன் அடிக்கல" என்று மூன்று நாள் எழுதியும் யாரும் தொடாவிட்டால், நாலாவது நாள் பிரேக்கைப் பற்றியும் எழுதமாட்டார்.

யாருக்கு எந்த வரிசை

சீட் பெல்ட் விவாதத்துக்கே வராது. முன்னிருக்கையில் உயிரிழக்கும் அபாயத்தைப் பாதிவரை குறைக்கிறது, 1959-லிருந்து மூன்று முனைப் பெல்ட் இருக்கிறது. இன்னும் போடாதவர்கள் உள்ள நிறுவனம் மற்ற எதையும் யோசிக்கும் முன் அதை முடிக்கட்டும். அப்புறம் வருவதுதான் வரிசை.

பத்துப் பன்னிரண்டு சரக்கு வண்டி வைத்து நெடுந்தூரம் ஓட்டுகிற நிறுவனம் என்றால், நான் வேகப் பூட்டையும் டிரிப் ஷீட்டையும் ஒரே மாதத்தில் சேர்த்துச் செய்வேன், அடுத்து டயர். இந்த அளவில் முதலாளிக்கே எல்லா டிரைவரையும் பெயர் சொல்லித் தெரியும். வெளிக்கேமரா போதும், உள்கேமரா தேவைப்படாது.

ஊருக்குள் நாள் முழுக்க நின்று நின்று சரக்குக் கொடுக்கும் அறுபது, நூறு வண்டிகள் என்றால் கதை வேறு. இங்கே உச்ச வேகம் பிரச்சினையே அல்ல. ரிவர்ஸ், கதவைத் திறப்பது, வண்டியின் பக்கவாட்டில் நுழையும் சைக்கிள், அவசரம் இவைதான். கேமராவும் பேசுவதற்கு ஒரு முழுநேர ஆளும் இங்கே பயன்படும். போய்ச் சேர்ந்ததும் ரிவர்ஸில் நிறுத்தி, கிளம்பும்போது நேராக எடுக்கும் பழக்கமும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டித் திரும்பும் திருப்பங்களைக் குறைத்துத் தடம் போடுவதும் செலவில்லாதவை. இரண்டு சக்கர வண்டியில் ஆள் அனுப்பினால், நல்ல ஹெல்மெட்டும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியும் முதல் வரிசையில் வந்துவிடும். ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதம் குறைக்கிறது.

விற்பனைப் பிரதிநிதிகள் சொந்தக் காரில் சுற்றுகிற நிறுவனங்கள் தங்களுக்கு வண்டியே இல்லை என்று நினைத்துக்கொள்கின்றன. அவர்கள் காரில் கருவி மாட்டவும் முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை சந்திப்பு என்று இலக்கு வைக்கிற மேலாளர்தான் இங்கே டிரிப் ஷீட். அந்த இலக்கைத் தொடுங்கள், கூடவே ஓட்டும்போது அழைப்பை எடுக்கத் தேவையில்லை என்று மேலாளரே சொல்லட்டும், எழுத்தில்.

எதைத் தேர்ந்தாலும் எல்லா வண்டியிலும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். பாதி வண்டியில் செய்து, பாதியை அப்படியே விட்டு ஆறு மாதம் பாருங்கள். இரண்டு பாதிக்கும் தடங்கள் ஒரே மாதிரி இருக்கும்படி பிரியுங்கள், ஆர்வமுள்ள டிரைவர்களை ஒரு பக்கம் குவித்துவிடாதீர்கள். விபத்து எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாற்பது வண்டியில் வருடத்துக்கு இரண்டு விபத்து நான்காக ஏறுவதும் நான்கு இரண்டாக இறங்குவதும் வெறும் தற்செயலாகவே நடக்கும். உரசல்கள், வேகம் மீறிய நிமிடங்கள், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை சடன் பிரேக், டயர் கிழிந்த தடவைகள், வேலையை விட்டுப் போன டிரைவர்கள் ஆகியவற்றை எண்ணுங்கள். கடைசி எண்ணைப் பலர் எழுதுவதே இல்லை. கேமரா மாட்டிய பாதியில் மட்டும் ஐந்து பேர் போயிருந்தால், அவர்கள் இடத்துக்கு வந்த ஐந்து புதியவர்களுக்கு அந்தக் கிடங்கு வாசலின் இடதுபக்கம் எப்படி இருக்கும் என்று இன்னும் தெரியாது.